சிக்னல் சின்னனென்றால் பெருக்கினால் போதாதா? எல்என்ஏ பற்றி ஒரு தொடக்கப் பாடம்

"மாமா, சிக்னல் சின்னனா இருந்தா பெருக்கினாச் சரிதானே? அதுக்கு ஏன் தனியா ஒரு அம்ப்?"

அக்காவின் மகன் கேட்ட கேள்வி இது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் இரண்டு பேருமாக ஓர் அன்டெனாவைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுநாயக்கவில் இறங்கும் விமானங்களும், இந்து சமுத்திரத்துக்கு மேலே உயரத்தில் கடந்துபோகும் விமானங்களும் தாங்கள் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. வானலையை வாங்கும் சின்ன ரிசீவரான ஒரு யூஎஸ்பி டொங்கிளும் மடிக்கணினியும் இருந்தால் அந்தச் செய்திகளை வீட்டிலிருந்தே வாங்கி வாசிக்கலாம். கிட்ட வரும் விமானங்கள் எங்கள் திரையில் தெரிந்தன. தூரத்தில் போனவை ஒரு விநாடி தெரிந்து, மறைந்து, பிறகு வரவேயில்லை. மொட்டைமாடியிலிருந்து எங்கள் வீட்டு அறைக்கு 20 மீட்டர் கேபிள் ஓடியது.

அவனுடைய கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதில் சொல்லப்போனால், வயர்லெஸ் ரிசீவர் வடிவமைப்பின் பாதிக் கதையைச் சொல்லவேண்டி வரும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்என்ஏ என்பது குறைந்த இரைச்சல் உள்ள அம்ப்ளிபயர். எங்கள் பௌதிகவியல் பாடப்புத்தகம் அம்ப்ளிபயரை விரியலாக்கி என்று சொல்லும். கடையில் போய்க் கேட்டால் அம்ப் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். பெயர் எதுவானாலும் அதில் முக்கியமான சொல் இரைச்சல்.

காலி வீதிப் பக்கம் ஜன்னல் உள்ள நாலாம் மாடி வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நடைபாதையில் நின்று ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார். பஸ் ஹோர்ன், முச்சக்கரவண்டி, அதற்கிடையில் அவர் குரல். அதை ஃபோனில் பதிவுசெய்து பிறகு சத்தத்தைக் கூட்டிப் போட்டால் குரலும் கூடும், ஹோர்னும் அதே அளவு கூடும். குரல் விளங்காததற்குக் காரணம் அது சின்னதாக இருந்தது அல்ல. அதோடு கலந்திருந்த சத்தத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம்தான் காரணம். அந்த விகிதம் ஒருமுறை கெட்டுவிட்டால், பின்னால் எத்தனை அம்ப் வைத்தாலும் திரும்பி வராது. சாதாரணப் பெருக்கம் அதைக் கூட்டவே கூட்டாது. ஒவ்வொரு அம்பும் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்யும். எவ்வளவு குறைவாகக் கெடுக்கிறது என்பதுதான் எல்என்ஏயின் தரம்.

சரி, வானலையில் ஹோர்ன் அடிப்பது யார்?

வெப்பம். எந்தப் பொருளிலும் எலெக்ட்ரோன்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. மேசை மேல் சும்மா கிடக்கும் ஒரு தடையியின் இரு முனைகளுக்கிடையேயும் மிகச் சிறிய, ஒழுங்கற்ற வோல்ட்டளவு எப்போதும் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் ஜோன்சன் இதை அளந்தார். அதன் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டியில் வேலைசெய்த ஹாரி நைகுவிஸ்ட் அதற்கான கணக்கைக் கொடுத்தார். இருவருடைய கட்டுரைகளும் 1928 இல் வெளிவந்தன. கணக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. இரைச்சலின் வலு இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: வெப்பநிலை, அப்புறம் நீங்கள் திறந்துவைத்திருக்கும் அலைப்பட்டையின் அகலம். தடையி பெரியதா சிறியதா, கார்பனா உலோகமா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

இந்தத் துறையில் வழக்கமாக எடுக்கும் வெப்பநிலை 290 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட 17 பாகை செல்சியஸ். அது நுவரெலியாக் குளிர். கொழும்பில் பகலில் 30 பாகை இருக்கும். அதனால் கணக்குப் பிழைத்துவிடுமா என்று பயப்படவேண்டாம், வித்தியாசம் 0.2 டெசிபல்தான்.

டெசிபல் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இனி எல்லாம் அதில்தான் வரும். வலு இரண்டு மடங்கானால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10, நூறு மடங்கானால் 20. பெருக்கல் எல்லாம் கூட்டலாக மாறிவிடும் என்பதுதான் அதன் வசதி. ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து எண்ணினால் அதற்கு டிபிஎம் என்று பெயர்.

290 கெல்வினில், ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கும் இயற்கை தரும் இரைச்சல் −174 டிபிஎம். ரிசீவர் வேலை செய்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் எண் இது. விமானச் செய்திக்கு ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இருபது இலட்சம் மடங்கு என்றால் 63 டெசிபல். ஆக இரைச்சல் −111 டிபிஎம்.

இனி சிக்னலைப் பார்ப்போம். 300 கிலோமீட்டர் தள்ளிப் போகும் விமானம் 200 வாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 53 டிபிஎம். 1090 மெகாஹெர்ட்ஸில் 300 கிலோமீட்டர் வெறும் வெளியைக் கடக்கும்போது ஏறத்தாழ 143 டெசிபல் போய்விடும். எங்கள் அன்டெனாவுக்கு வந்து சேர்வது −90 டிபிஎம். ஒரு வாட்டை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதா என்று மருமகன் திகைத்தான். ஆனால் இரைச்சல் அதைவிட 21 டெசிபல் கீழே இருக்கிறது, அதாவது நூறு மடங்குக்கும் மேல் குறைவு. வாசிப்பதற்குத் தாராளம். அன்டெனாவின் காலடியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் அறையில் தெரியவில்லை?

முதல் படிதான் எல்லாம்

ரிசீவரில் உள்ள ஒவ்வொரு பாகமும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. எவ்வளவு சேர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு இரைச்சல் எண் என்று பெயர். உள்ளே வந்த சிக்னல்–இரைச்சல் விகிதம் வெளியே போகும்போது எத்தனை டெசிபல் குறைந்தது என்பதே அது. ஒரு பாகத்தின் இரைச்சல் எண் 3 டெசிபல் என்றால், அது வந்த இரைச்சல் அளவுக்குத் தானும் ஒரு பங்கு போட்டிருக்கிறது. 0 என்றால் எதுவும் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று சாதாரண வெப்பநிலையில் கிடையாது.

கேபிளுக்கும் இரைச்சல் எண் உண்டு. இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கேபிள் சிக்னலைத் தின்கிறது. ஆனால் இரைச்சல் தளத்தை, அதாவது எப்போதும் அடியில் கிடக்கும் இரைச்சலின் மட்டத்தை, குறைப்பதில்லை, ஏனென்றால் கேபிளும் சூடான ஒரு பொருள்தான். அதனால் 4 டெசிபல் இழப்புள்ள கேபிளின் இரைச்சல் எண்ணும் அதே 4 டெசிபல். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 20 மீட்டர் எடுத்தால், 1 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இழப்பு ஏறத்தாழ அவ்வளவுதான் வரும்.

எங்கள் டொங்கிளின் இரைச்சல் எண் 6 என்று வைப்போம். கேபிள் 4, டொங்கிள் 6, மொத்தம் 10 டெசிபல். அன்டெனாவின் காலடியில் 21 ஆக இருந்த விகிதம் அறையில் 11. விமானம் கொஞ்சம் சரிந்தால், ஒரு கட்டடம் மறைத்தால், அதுவும் போய்விடும். ஒரு விநாடி தெரிந்து மறைந்ததன் காரணம் இதுதான்.

இப்போது ஓர் எல்என்ஏ வாங்குகிறோம். இரைச்சல் எண் 1 டெசிபல், பெருக்கம் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு. எங்கே வைப்பது? அறைக்குள், டொங்கிளுக்குப் பக்கத்தில் வைத்தால் வசதி. மழை படாது, பிளக் பக்கத்தில் இருக்கும். மேலே மொட்டைமாடியில் வைத்தால் பெட்டி செய்யவேண்டும், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பவேண்டும். வசதியைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்க்கலாம்.

அந்தக் கணக்கை 1944 இல் எழுதிக்கொடுத்தவர் ஹரால்ட் ஃப்ரீஸ், அவரும் பெல் ஆய்வுகூடத்துக்காரர்தான். அவர் சொன்னது இது: முதல் படி, அதாவது சிக்னல் முதலில் கடக்கும் பாகம், சேர்க்கும் இரைச்சல் முழுசாகக் கணக்கில் வரும். இரண்டாம் படி சேர்ப்பது, முதல் படியின் பெருக்கத்தால் வகுபட்டுத்தான் வரும். மூன்றாம் படியுடையது, அதற்கு முன்னால் உள்ள இரண்டு பெருக்கங்களாலும் வகுபடும். டெசிபலில் செய்யக்கூடாது, சாதாரண மடங்குகளுக்கு மாற்றிச் செய்யவேண்டும்.

எல்என்ஏ மேலே இருந்தால்: அதன் 1 டெசிபல் என்பது 1.26 மடங்கு. அதற்குப் பின்னால் கேபிளும் டொங்கிளும் சேர்ந்து 10 டெசிபல், அதாவது 10 மடங்கு. பத்தில் ஒன்று இயற்கையின் பங்கு, அதைக் கழித்தால் 9. நூறால் வகுத்தால் 0.09. கூட்டினால் 1.35 மடங்கு, அதாவது 1.3 டெசிபல். பத்து டெசிபலாக இருந்த முழு ரிசீவர் இப்போது 1.3 டெசிபல்.

அதே எல்என்ஏயைக் கீழே அறைக்குள் வைத்தால்: கேபிளின் 4 டெசிபல் முதலிலேயே போய்விட்டது. மீதி எல்லாம் சரியாக நடந்தாலும் மொத்தம் 5.1 டெசிபல். ஒரே பொருள், ஒரே விலை, வைத்த இடம் மட்டும் வேறு. கிட்டத்தட்ட நாலு டெசிபல் கையை விட்டுப் போகிறது.

இந்த இரண்டு எண்களையும் மருமகனைக் கொண்டே கணக்குப் பார்க்க வைத்தேன். செய்து முடித்ததும் கல்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு ஏணியை எடுக்கப் போய்விட்டான்.

விமானத்தின் விகிதம் 11 இலிருந்து ஏறத்தாழ 20 ஆகிறது. அதற்கு மேலும் தூரம் போகலாம், ஆனால் பூமியின் வளைவு விடாது. 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் 400 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

இதையே நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கொழும்பில் எந்தத் தொடர்மாடியின் பல்கனியைப் பார்த்தாலும் டிஷ் ஒன்று இருக்கும். அதன் முன்னால் நீட்டிய கம்பியின் நுனியில் உள்ள சின்னத் தலைக்கு எல்என்பி என்று பெயர். அதன் உள்ளே முதலில் இருப்பது ஓர் எல்என்ஏ. 12 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் சிக்னலை அது அங்கேயே பெருக்கி, கேபிள் தாங்கக்கூடிய 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி அனுப்புகிறது. மின்சாரம் அதே கேபிளில் கீழிருந்து மேலே போகிறது. 13 வோல்ட், 18 வோல்ட் என்று மாற்றி எந்த முனைவாக்கம் (அலை நெடுக்காக ஆடுவதா, கிடையாக ஆடுவதா) வேண்டும் என்றும் அதிலேயே சொல்லப்படுகிறது. அந்தத் தலையைக் கழற்றி டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று யாரும் நினைப்பதில்லை. மற்ற ரிசீவர்களுக்கும் அதே நியாயம்தான்.

டிஷ் என்றதும் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்லாமல் போகமுடியாது. பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 இல் எழுதியவர், தன் வாழ்நாளின் பின்பாதியை இந்த நகரத்தில்தான் கழித்தார். 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னலை ஒரு பல்கனித் தட்டு பிடிக்கிறது என்றால் அதில் எல்என்ஏயின் பங்கு பெரிது. இந்தப் படிப்பைத் தொடர்பவர்கள் கட்டுபெத்தையில் அவருடைய பெயரில் இயங்கும் நிறுவனத்தை அறிந்திருப்பார்கள்.

வானம் குளிர், தரை சூடு

ஒரு விஷயம் எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. கைத்தொலைபேசி ரிசீவருக்கு இரைச்சல் எண் 2, 3 டெசிபல் என்றாலும் சமாளிக்கிறார்கள். செய்மதிக்கு மட்டும் ஏன் 0.1 குறைக்க இவ்வளவு பாடு?

அன்டெனா எதைப் பார்க்கிறதோ அதன் வெப்பநிலையைத்தான் இரைச்சலாகக் கொண்டுவருகிறது. தெருவையும் சுவரையும் பார்க்கும் அன்டெனா ஏறத்தாழ 290 கெல்வினைப் பார்க்கிறது. தெளிந்த வானத்தைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு, தரையிலிருந்து கசிந்து வருவதையும் சேர்த்து, 50 கெல்வின் என்று வைக்கலாம். எல்என்ஏ சேர்க்கும் இரைச்சலையும் இப்படி வெப்பநிலையாகவே சொல்லலாம்: 0.5 டெசிபல் என்றால் 35 கெல்வின், 1 டெசிபல் என்றால் 75 கெல்வின். இப்போது கூட்டிப்பாருங்கள். தெருவைப் பார்க்கும் அன்டெனாவுக்கு 325 அல்லது 365. வித்தியாசம் அரை டெசிபல். வானத்தைப் பார்ப்பதற்கு 85 அல்லது 125, வித்தியாசம் 1.7 டெசிபல். சத்தமான சந்தையில் ஒருவர் கூடுதலாக இருமினால் தெரியாது. இரவு மூன்று மணிக்கு வீட்டில் இருமினால் எல்லோரும் எழும்பிவிடுவார்கள்.

மே மாத மழை அடித்துப் பெய்யும்போது டிவி படம் உடைவதற்கும் பாதிக் காரணம் இதுவே. மழை சிக்னலைத் தடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தடுக்கும் அதே துளிகள் தங்கள் வெப்பத்தையும் இரைச்சலாகக் கீழே அனுப்புகின்றன. குளிர்ந்த வானம் சூடான வானமாகிறது. சிக்னல் இறங்க, இரைச்சல் ஏற, இரண்டு பக்கமும் அடி.

மறுபக்கமும் சொல்லவேண்டும். எல்என்ஏ பயன்படாத இடங்களும் உண்டு. கொழும்பில் வழக்கமான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் கேட்ட இலங்கை வானொலி மத்திய அலையிலும் சிற்றலையிலும் போனது. அந்த மீடிறன்களில் (அதிர்வெண்களில்) இரைச்சலின் பெரும்பகுதி ரிசீவரில் பிறப்பதில்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், முக்கியமாக எங்களைப்போன்ற வெப்பவலய நாடுகளில், எப்போதும் மின்னல் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் சிற்றலையில் உலகைச் சுற்றி வரும். வெளியிலிருந்தே அவ்வளவு வரும்போது ரிசீவரின் இரைச்சலை 5 இலிருந்து 1 ஆகக் குறைத்து ஒரு பயனும் இல்லை. ஏறத்தாழ 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, எல்என்ஏ வாங்கும் பணத்தில் நல்ல அன்டெனா கட்டுவது மேல்.

உள்ளே என்ன நடக்கிறது

இனி எல்என்ஏயைத் திறந்து பார்ப்போம். உள்ளே ஒரு ட்ரான்சிஸ்டர், இரண்டு மூன்று சுருள்கள், சில கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்). பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும்.

அன்டெனாவும் ரிசீவரும் வழக்கமாக 50 ஓம் உலகத்தில் வாழ்பவை. எதிரே வரும் பாகமும் 50 ஓம் போலத் தெரிந்தால்தான் சிக்னல் முழுசாக உள்ளே போகும். இல்லையென்றால் ஒரு பகுதி சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பிவிடும். ஆனால் மின்புல ட்ரான்சிஸ்டரின் வாசல் (கேட் என்ற கால்) ஒரு சின்னக் கொள்ளளவி. அதில் தடை என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை.

தொடங்குபவர்கள் எல்லோருக்கும் வரும் யோசனை: வாசலில் ஒரு 50 ஓம் தடையியைப் போட்டுவிடலாம். பொருந்திவிடும், உண்மைதான். ஆனால் அந்தத் தடையி, மேலே சொன்னேனே, மேசையில் கிடந்தாலும் இரைச்சல் போடும் சாதி. அன்டெனா கொண்டுவரும் அளவுக்குத் தானும் போடும். அந்த நிமிடமே 3 டெசிபல் போய்விட்டது. ட்ரான்சிஸ்டர் எவ்வளவு உத்தமமாக இருந்தாலும் அதற்குக் கீழே இறங்கமுடியாது.

அப்படியென்றால் எங்களுக்கு வேண்டியது, தடையிபோல நடந்துகொள்ளவேண்டும், ஆனால் தடையியாக இருக்கக்கூடாது. இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, நான் இந்தத் துறையில் பார்த்ததிலேயே மிக அழகானது. ட்ரான்சிஸ்டரின் ஓட்டம் தரைக்குப் போகும் சோர்ஸ் என்ற காலை நேராகத் தரையில் இணைக்காமல் இடையில் ஒரு சிறிய சுருளை வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். உள்ளே வரும் ஓட்டம் வாசல் கொள்ளளவியை நிரப்புகிறது. கொள்ளளவியில் வோல்ட்டளவு எப்போதும் ஓட்டத்துக்குக் கால் சுற்றுப் பின்னால் வரும். ட்ரான்சிஸ்டர் அந்த வோல்ட்டளவைப் பார்த்துத்தான் தன் பெரிய ஓட்டத்தை விடுகிறது. ஆகவே அதுவும் கால் சுற்றுப் பின்னால். அந்தப் பெரிய ஓட்டம் சோர்ஸில் உள்ள சுருள் வழியாகத் தரைக்குப் போகிறது. சுருளில் வோல்ட்டளவு ஓட்டத்துக்குக் கால் சுற்று முன்னால் நிற்கும். கால் பின்னே, கால் முன்னே, இரண்டும் கழிந்துபோகின்றன. சுருளின் வோல்ட்டளவு, முதலில் உள்ளே வந்த ஓட்டத்தோடு ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகிறது. ஓட்டமும் வோல்ட்டளவும் சேர்ந்து நடந்தால் அதற்குப் பெயர் தடை. வாசலில் நின்று பார்க்கும் அன்டெனாவுக்கு அங்கே 50 ஓம் தடையி இருப்பதுபோலவே தெரிகிறது. ஆனால் வெப்பத்தில் இரைச்சல் போட அங்கே தடைப்பொருள் எதுவும் கிடையாது.

மீதமிருக்கும் கொள்ளளவித்தன்மையை வாசலில் தொடராக வைக்கும் இன்னொரு சுருள் தீர்த்துவிடும். 1997 இல் டெரெக் ஷேஃபரும் தோமஸ் லீயும் ஜிபிஎஸ் ரிசீவருக்காக கணினிச் சில்லுகள் செய்யும் சாதாரண சீமொஸ் முறையிலேயே இப்படி ஓர் எல்என்ஏயைச் செய்து, அதன் இரைச்சல் கணக்கை விரிவாக எழுதினார்கள். அந்த அமைப்பு இன்றும் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது.

அந்தச் சோர்ஸ் சுருளின் அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ட்ரான்சிஸ்டரின் ஓட்டப்பெருக்கம் ஒன்றாகக் குறையும் மீடிறன் 10 கிகாஹெர்ட்ஸ் என்றால், 50 ஓம் காட்ட 0.8 நானோஹென்றி போதும். ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பியே ஏறத்தாழ ஒரு நானோஹென்றி. அதாவது சுருள் என்று ஒன்றைச் சுற்றவே தேவையில்லை. பலகையில் காலிலிருந்து தரைக்குப் போகும் தடத்தின் நீளமே அந்தச் சுருள். தெரியாமல் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் வடிவமைப்பே மாறிவிடும். பழைய சர்க்கிட்டைப் பார்த்து வரைந்து அதேபோல வேலைசெய்யவில்லையே என்று குழம்புபவர்கள் முதலில் இந்த நீளத்தைப் பார்க்கவேண்டும்.

வாசலில் வைக்கும் சுருளின் தரமும் அப்படித்தான். அதன் கம்பியில் 2 ஓம் தடை ஒளிந்திருந்தால் 0.17 டெசிபல் போய்விடும். 0.5 டெசிபலுக்குப் பாடுபடுகிறவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. பின்னால் எங்கேயும் மலிவான சுருள் போடுங்கள், வாசலில் மட்டும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. சிக்னல் முழுசாக உள்ளே போக ஒரு பொருத்தம் வேண்டும். இரைச்சல் மிகக் குறைய ட்ரான்சிஸ்டர் கேட்கும் பொருத்தம் வேறு. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ட்ரான்சிஸ்டரின் தரவுத்தாளில் இரண்டும் இருக்கும். பொருத்தங்களை வரைந்து பார்க்கும் ஸ்மித் வரைபடத்தில் இரண்டு வகை வட்டங்களாக வரைந்து, இடையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் எப்போதும் இரைச்சல் பக்கம் சாய்வேன், பெருக்கத்தில் ஒரு டெசிபல் போனாலும் பரவாயில்லை என்று. சோர்ஸ் சுருளுக்கு இங்கேயும் ஒரு நல்ல குணம்: அது இந்த இரண்டு இடங்களையும் ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவருகிறது.

ட்ரான்சிஸ்டர் வகையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தனியாக வாங்குவதென்றால் கேலியம் ஆர்சனைட் வகை 1 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அரை டெசிபலைச் சுலபமாகத் தரும். விரலிலிருந்து பாயும் நிலைமின்னில் சட்டென்று செத்துவிடும், கவனம்.

எங்கள் முதல் முயற்சி ஏன் தோற்றது

கணக்கெல்லாம் பார்த்து, எஸ்பிஎஃப்5189 சில்லு உள்ள ஓர் எல்என்ஏ பலகையை வாங்கி மேலே கட்டினோம். 50 முதல் 4000 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்கும், இரைச்சல் எண் 0.6 டெசிபல். மின்சாரம் கொடுத்துவிட்டு ஓடிவந்து திரையைப் பார்த்தோம். முன்பு தெரிந்த விமானங்களில் பாதியைக் காணவில்லை.

கணக்கு பொய்யில்லை, கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. கொழும்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம் நிலையங்களால் நிறைந்த நகரம். பக்கத்துக் கூரையில் கைத்தொலைபேசிக் கோபுரம், அதன் 900 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் எங்கள் 1090க்குக் கிட்டவே நிற்கிறது. அன்டெனா இவை எல்லாவற்றையும் வாங்கியது. எல்என்ஏ பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் நூறு மடங்காக்கியது. அந்தச் சில்லுத் தாங்கக்கூடியது, ஆனால் கீழே இருந்த டொங்கிள் திணறிவிட்டது. பெரிய சிக்னல் ஒன்று ரிசீவரை அதன் எல்லைக்குத் தள்ளிவிட்டால், சின்னச் சிக்னலுக்கு அங்கே இடமே இருக்காது.

இப்படித் திணறாமல் தாங்கும் குணத்துக்கு நேர்கோட்டுத்தன்மை என்று பெயர். எல்லை நெருங்கும்போது அம்ப் நேர்கோட்டில் நடக்காமல் வளைகிறது. வளைந்தால் இல்லாத சிக்னல்களும் பிறக்கும்: 98 இலும் 100 இலும் பலமான நிலையங்கள் இருந்தால், 96 இலும் 102 இலும் அவற்றின் போலிகள் தோன்றும். மூல சிக்னல் ஒரு டெசிபல் கூடினால் போலி மூன்று டெசிபல் கூடும், அதனால்தான் எல்லாம் நன்றாக இருந்து திடீரென்று கெட்டதுபோல இருக்கும். தரவுத்தாளில் இரைச்சல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். மூன்றாம் படி இடைவெட்டுப் புள்ளி என்று ஓர் எண் இருக்கும், அதையும் பாருங்கள், பெரிதாக இருப்பது நல்லது.

தீர்வு 1090க்கான வடிகட்டி. அதை எங்கே வைப்பது என்பதிலும் ஃப்ரீஸ்தான் உதவினார். வடிகட்டிக்கு 2 டெசிபல் இழப்பு. எல்என்ஏக்கு முன்னால் வைத்தால் அந்த இரண்டும் முழுசாகக் கூடி, 1.3 ஆக இருந்த மொத்தம் 3.3 ஆகிவிடும். பின்னால் வைத்தால் 1.5 தான். எல்என்ஏயே திணறும் இடமென்றால் முன்னால் வைப்பதைத் தவிர வழியில்லை. எங்களுக்குத் திணறியது டொங்கிள் என்பதால் பின்னால் வைத்தோம். அன்று மாலை திரையில் தெற்கே, கடலுக்கு மேலே, நாங்கள் அதுவரை பார்த்திராத தூரத்தில் ஒரு விமானம் தெரிந்தது. மருமகன் அதன் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவைத்தான்.

நீங்களே கட்டுவதென்றால் இன்னொன்று: அம்ப் தானே அலையியாக மாறிவிடும் ஆபத்து. வெளியே போவதில் கொஞ்சம் உள்ளே கசிந்து வந்து, மறுபடி பெருகி, தானே கத்தத் தொடங்கும். நீங்கள் பயன்படுத்தும் மீடிறனில் மட்டும் பார்த்தால் போதாது. அது உங்களுக்குச் சம்பந்தமில்லாத 5 கிகாஹெர்ட்ஸில்கூட ஆடலாம். ரொலெட் என்பவர் கொடுத்த, அம்ப் ஆடாமல் நிற்குமா என்று காட்டும் கே என்ற எண்ணைக் கீழிருந்து மேல்வரை எல்லா மீடிறனிலும் கணக்கிட்டு, ஒன்றுக்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நிற்காவிட்டால் வெளியேறும் பக்கத்தில் ஒரு சிறு தடையியைப் போடலாம். அங்கே போட்டால் அதன் இரைச்சல் பெருக்கத்தால் வகுபட்டுவிடும், நட்டமில்லை. கருவி எதுவும் இல்லாதவர்கள், எல்என்ஏ எடுக்கும் மின்னோட்டத்தை அளந்துகொண்டே விரலை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். விரல் கிட்டப்போனதும் ஓட்டம் மாறினால் அநேகமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

எல்என்ஏ உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 ஓம் முடிவுமூடி ஒன்றைப் பூட்டுங்கள். டொங்கிள் தன் பெருக்கத்தைத் தானாக மாற்றாதபடி நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்என்ஏக்கு மின்சாரம் இல்லாமல் திரையில் இரைச்சல் தளம் எங்கே நிற்கிறது என்று குறித்துவிட்டு, மின்சாரத்தைக் கொடுங்கள். வடிகட்டியைச் சேர்க்காத எங்கள் கணக்குப்படி அது ஏறத்தாழ 11 டெசிபல் ஏறவேண்டும். பத்துக்குக் கிட்ட ஏறினால், இனித் திரையில் நீங்கள் பார்க்கும் இரைச்சல் மேலே மொட்டைமாடியிலிருந்து வருவது, டொங்கிளுடையது அல்ல. இரண்டு மூன்றுதான் ஏறினால் பெருக்கம் போதவில்லை, அல்லது இணைப்பு ஏதோ பிழை. இருபதுக்கு மேல் ஏறினால் தேவைக்கு அதிகமாகப் பெருக்குகிறீர்கள். டொங்கிள் முன்போலத் திணறத் தொடங்குவதற்குள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.